ஞானமுத்து அண்ணாச்சி அடித்துவிட்ட இரண்டு

என் பிரியமான அண்ணாச்சிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் மரியாதை. அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்கும் தகுதியை நான் இழந்து நாலு வருடமாகிறது. அதனால் சேதியிலிருந்து தொடங்குகிறேன்.

திருப்பூர் நெருப்பெரிச்சலில் நம் பனியன் கம்பெனி அங்கேயேதான் இருக்கிறது. உங்கள் மூன்றாம் லைனுக்கு இப்போது சபிதா சூப்பர்வைசர். ஒடிசாவிலிருந்து வந்து உங்களிடம் ஓவர்லாக் தையல் மிஷின் கற்றுக்கொண்டாளே, அவளேதான். வேலை தொடங்கும் மணி அடித்ததும் கத்தரிக்கோல் பிடியால் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவீர்கள். காலையில் எனக்கு இன்னும் அது கேட்கிறது. அவள் உங்கள் பழக்கத்தை எடுத்துக்கொண்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன். "நான் தட்டறது இல்ல மேடம்" என்றாள். கையிலிருந்த நூலை அறுத்துப் போட்டுவிட்டு, "உங்களுக்கும் கேக்குதா?" என்றாள்.

இருவரும் அவரவர் வேலைக்குத் திரும்பினோம். ஆடிட்டில் அந்தச் சத்தத்துக்குக் கட்டம் கிடையாது.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு என் வேலையைச் சொல்லிவிட வேண்டும். பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் அவ்வப்போது ஆடிட்டர்களை அனுப்புவார்கள். அவர்கள் தொழிலாளர்களிடம் குறை கேட்பார்கள். கேட்பதற்கு முந்தைய வாரமே குறை இல்லாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. குறையைத் தீர்ப்பது ஒரு வழி. பதிலைச் சொல்லிக்கொடுப்பது இன்னொரு வழி. இரண்டாவது சீக்கிரம் முடியும்.

அயர்ன் மேசைகளுக்குப் பக்கத்தில் எல்லோரையும் நிறுத்திப் பாடம் நடத்துவேன். உங்களைப் போல ஒப்பித்தவர் யாருமில்லை. "கொற ஒண்ணும் கெடையாது சார். குடிதண்ணி உண்டு, கக்கூஸ் உண்டு, தீப்புடிச்சா ஓட ரெண்டு கதவு உண்டு." திருச்செந்தூர்ப் பக்கத்துப் பேச்சில் அதைக் கேட்ட ஆடிட்டர், ஏதோ ஜெபம் என்று நினைத்துத் தலை குனிந்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா?

பிறகு ஊரடங்கு வந்தது. யார் எப்படித் தாங்கினார்கள் என்பதை அப்போது பார்த்தேன். ஹாஸ்டலில் அடைபட்ட ஒடியாப் பெண்கள் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே போனை ஸ்பீக்கரில் வைத்து, யாராவது ஒருத்தியின் அம்மாவோடு எல்லோருமாக அழுவார்கள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சமைக்கப் போவார்கள். சத்தம் தாங்கவில்லை என்று வார்டன் எனக்குப் புகார் எழுதினார். நானும் அதைக் குறையாகவே பதிந்துகொண்டேன்.

மங்கலத்தில் எங்கள் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. நிலைக்கு வேப்பிலை, வாசலுக்கு மஞ்சள் தண்ணீர். என் சித்தப்பா போனபோது போனில் துக்கம் கேட்டவர்கள் எல்லோரும் "சாப்பிட்டீங்களா?" என்றார்கள். "ஆச்சுங்க" என்றோம். அம்மா மட்டும் கூட்டிய மாட்டுக்கொட்டகையையே ஒரு வாரம் திரும்பத் திரும்பக் கூட்டினார்கள். கொங்கு நாட்டில் ஒருவர் உடைந்துபோனதை அவர் வீட்டுச் சுத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நீங்களும் ரூத் மதினியும் உங்கள் வீட்டிலிருந்தே ஊர்ச் சபையோடு போனில் ஜெபித்தீர்கள். யாரும் தங்கள் மைக்கை அணைக்க மாட்டார்கள். கர்த்தருக்கு எது யாருடைய விண்ணப்பம் என்று புரிந்திருக்குமா என்று நான் கேலி செய்வேன். கம்பெனி திறந்ததும் பையர் தரப்பிலிருந்து ஓர் அம்மாள் மடியில் பூனையோடு கம்ப்யூட்டரில் தோன்றி, மன அமைதிக்கு என்று மூச்சை உள்ளே இழுத்து மெல்ல விடச் சொன்னார். நீங்கள் என் காதருகில் வந்து, "மூச்சு விடுறதுக்கும் பையர்தான் சொல்லித் தரணுமா தங்கச்சி?" என்றீர்கள்.

அடுத்த வருடம் மதினிக்கு மூச்சு முட்டியபோது அந்தக் கேலி நம் இருவருக்குமே நினைவு வந்திருக்கும்.

மதினி இறந்தபோது உங்களை முகம் பார்க்க விடவில்லை. அவருடைய அண்ணன் தம்பிகள் ஊரிலிருந்து வர முடியவில்லை. பிளாஸ்டிக் உடுப்புப் போட்ட நாலு பேர் குழியில் இறக்கினார்கள். நீங்கள் கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே நின்றீர்கள். கம்பெனி மறுபடி திறந்த முதல் நாளே வேலைக்கு வந்தீர்கள்.

கேட்டில் நான் கேட்டேன். "எப்படீங்க இருக்கறீங்க அண்ணாச்சி?"

"கொற ஒண்ணும் கெடையாது தங்கச்சி. குடிதண்ணி உண்டு, கக்கூஸ் உண்டு, ஓட ரெண்டு கதவு உண்டு."

நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். யார் முதலில் நிறுத்தினோம் அண்ணாச்சி? அதைத்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அந்த மாதம்தான் பையரிடமிருந்து மனநலப் படிவம் வந்தது. பசி எப்படி, தூக்கம் எப்படி, பேச ஆள் இருக்கிறதா என்று பத்துக் கேள்விகள். ஒன்று போட்டால் மிக மோசம், ஐந்து போட்டால் மிக நன்று. பெயர் எழுத வேண்டாம் என்று மேலேயே அச்சிட்டிருந்தது. ஆளைக் காட்டிக்கொடுக்கும் டோக்கன் நம்பரைப் போடச் சொன்னது நான். பழக்கம்.

வழக்கம்போல அயர்ன் மேசைப் பக்கம் நிறுத்தினேன். கையில் படிவத்தோடு சபிதா கேட்டாள்: "மேடம், இது நெஜமா கேக்கறாங்களா, ஆடிட்டா?"

"ஆடிட்" என்றேன். எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. எல்லோரும் ஐந்து போட்டார்கள்.

உங்கள் படிவத்தில் தூக்கத்துக்கு நேராக ஓர் அடித்தல் இருந்தது. முதலில் இரண்டு, அதை ஒரு கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் ஐந்து. உங்கள் இரண்டுக்கு வால் நீளம். ஒரு கோட்டில் மறையாது. பசிக்கு நேராகவும் அப்படியே.

நான் அதைப் பார்த்தேன் அண்ணாச்சி. பார்க்கவில்லை என்று சொன்னால் இந்தக் கடிதமும் ஓர் ஆடிட் பதிலாகிவிடும். பார்த்துவிட்டு, புதுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"அடித்தல் திருத்தல் கூடாதுங்க அண்ணாச்சி."

"அது செரிதான்" என்று வாங்கிக்கொண்டு, பத்து ஐந்தும் அழகாகப் போட்டுக் கொடுத்தீர்கள். எங்கள் யூனிட்டுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. வரவேற்பறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம்.

ஏழு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை நீங்கள் வரவில்லை. நீங்கள் குடியிருந்த லைன் வீட்டின் சொந்தக்காரர் கதவைத் திறந்தார். சாவுக்குக் காரணம் இதயம் என்று மருத்துவர் எழுதினார். அவருடைய படிவத்திலும் இடம் அவ்வளவுதான் போலிருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்தபின் சபிதா சொன்னாள். உபவாசம் என்று சொல்லி மாதக்கணக்காக உங்கள் மதியச் சாப்பாட்டை லைன் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்தீர்களாம். வீட்டில் படுக்க முடியவில்லை என்று விடிகிற போதே கம்பெனிக்கு வந்து, கேட் திறக்கும்வரை வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பீர்களாம். எல்லாம் தெரிந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

"நீங்கதானுங்க மேடம் ஆடிட்னு சொன்னீங்க" என்றாள்.

திருப்பூரில் அவள் கற்ற மரியாதை அது. அந்த 'ங்க' இல்லாமல் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

இப்போது புதுச் சேதி. போன வாரம் அதே படிவம் மறுபடி வந்தது. பையர் வேறு, கேள்விகள் அவையேதான். அதே இடத்தில் எல்லோரையும் நிறுத்தினேன். சபிதா முன்வரிசையில் நின்றாள். இந்த முறை அவள் கேட்கவே இல்லை; என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். கேட்காத கேள்விக்கு நானே பதில் சொன்னேன். "நெசமாத்தானுங்க கேக்கறேன். டோக்கன் நம்பர் போட வேண்டாம். அடிச்சு எழுதினாலும் பரவால்லீங்க."

ஒரு நிமிடம் யாரும் பேனாவைத் தொடவில்லை. நிஜம் என்றால் அவர்களுக்குப் பயம்; அந்தப் பாடத்தை நான்தானே நடத்தினேன்? பிறகு சபிதா குனிந்து எழுதத் தொடங்கினாள்.

படிவக் கட்டை முதலாளியிடம் கொண்டுபோனேன். "எல்லாம் அஞ்சுதானுங்க அம்மிணி?" என்றார். இல்லீங்க என்றேன். புரட்டினார். இரண்டும் ஒன்றுமாக இருந்தன. தையல் மிஷின் தாறுமாறாக ஓடிய மாதிரி அடித்தல்கள். இதை அனுப்பினால் ஆர்டர் நிற்குமா என்று கேட்டார். தெரியாதுங்க என்றேன். நிஜமாகவே தெரியாது. நின்றால் எத்தனை பேர் ஊருக்கு மூட்டை கட்டுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். கட்டை அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு, "எனக்கொரு ஃபாரம் இருக்குதுங்களா?" என்றார். ஒன்பது கேள்விக்கு எண் போட்டார். தூக்கத்தை வெற்றாக விட்டுவிட்டு, கீழே கம்பெனி முத்திரை குத்திக் கொடுத்தார்.

இன்று காலை அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

அடித்தல் உள்ள உங்கள் பழைய படிவம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கிழித்துப் போட வேண்டியது. அன்று ஏனோ கிழிக்கவில்லை. இனி ஒருவர் அடித்து எழுதினால், அடித்தது என்ன எண் என்று கேட்பேன். கேட்டுவிட்டு அங்கேயே உட்காருவேன். கையில் புதுப் படிவம் கொடுக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

என் படிவத்தையும் கட்டோடு வைத்துத்தான் அனுப்பினேன். கை பழக்கத்தில் தூக்கத்துக்கு ஐந்து போட்டுவிட்டது. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் இரண்டு எழுதினேன், வால் நீளமாக.

அடித்தல் திருத்தலோடு,
உங்கள் தங்கச்சி
பூங்கொடி