ஸ்டாண்டிலேயே ஓடிய வண்டி

என்னங்க,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். வண்டிச் சாவி டிவி மேல.

புது இன்ஜின், ஆயிரம் கிலோமீட்டர் ஓடுற வரைக்கும் பின்னாடி யாரையும் ஏத்தக் கூடாதுன்னு நேத்து என்னை வாசல்லயே விட்டுட்டுப் போனீங்களே, கோபம்தான். ஆனாலும் அந்த ஆயிரம் சீக்கிரம் முடியட்டும்னு, இன்னைக்கு நீங்க நடந்து கடைக்குப் போனதும் வண்டியை ஸ்டாண்டு போட்டு ஒரு மணி நேரம் ஓட விட்டேன். பெட்ரோல்தான் குறையுது, மீட்டர் முந்நூறுலயே நிக்குது! மீட்டர் கெட்டுப்போச்சா, நான்தான் எதையாவது கெடுத்துட்டேனா, தலையும் புரியல வாலும் புரியல. மெக்கானிக்கைக் கேட்டா சிரிக்கிறார்.

அக்கா வீட்டுக்கு பஸ்ல போறேன். ஆயிரம் முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க.

கேஸை மூடிட்டேனான்னு பாருங்க.

இன்னொண்ணு: அக்கா வீடு போக வர நாப்பது கிலோமீட்டர். தினம் வந்து என்னைப் பாத்துட்டுப் போனாலே ஆயிரம் முடிஞ்சிடும்.