நொண்டிக்கொடி

வீரபாண்டி மாரியம்மன் துணை

காமயகவுண்டன்பட்டி,
சித்திரை 9

அன்பு மகன் கார்த்திக்ராஜுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான் எழுந்து நடமாடி ஒருபிடி சோறு பொங்கித் தின்கிற அளவுக்கு நன்றாகவே இருக்கிறேன். அந்த ஊர்க் குளிரில் நீயும் நெஞ்சில் சளி கட்டாமல் நல்லபடியாக இருக்க மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவளுக்கு இப்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிந்துவிடுகிறது, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுகிறேன், மூன்று வாரமாக அப்படித்தான் நடக்கிறது. மகளிர் குழுவில் பத்து வருடம் தீர்மானம் எழுதிய கைதானே, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நின்று நிதானமாகப் படி, வேலை இடத்தில் வைத்துப் படிக்காதே.

வலது கண்ணில் புரை எடுத்தது ஆறிவிட்டது, சொட்டு மருந்து மட்டும் இன்னும் ஒரு வாரம் விட வேண்டும். உன் தங்கை ஓவியாவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது, வாந்தி நின்றுவிட்டது, ஆனாலும் பழனிசெட்டிபட்டியிலிருந்து வேலைக்கு ஸ்கூட்டியில்தான் போவேன் என்று அடம்பிடிக்கிறாள், நீ சொன்னால் கேட்பாள். கோடை மழை இந்த வருடம் காற்றோடு வந்து வாழையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. நம் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டதை உன்னிடம் சொன்னேன், திராட்சைக் கொடியை எடுத்துவிட்டதைச் சொல்லவில்லை. தை கடைசியில் மண் அள்ளும் வண்டியைக் கொண்டுவந்து பந்தலைப் பிரித்து, தூரோடு பிடுங்கி வரப்பில் குவித்துவிட்டார்கள். தென்னங்கன்று வைத்திருக்கிறார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, மூன்று போகமாகச் செவட்டை நோய் விழுந்த கொடியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது, கவாத்து வெட்டத் தெரிந்த உன் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். உனக்குத் தெரியவேண்டாம் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டது இது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம், எழுதிக்கொண்டே வருகிறேன், வந்துவிடுவேன்.

கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஓவியா வீட்டில் இருந்தேன். கட்டு அவிழ்த்த மறுநாள் மத்தியானம், மாப்பிள்ளை சுந்தர்ராஜ் கடையிலிருந்து சாப்பிட வந்தவர், சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து போனில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்ச் செம்பை வைக்க அவர் பின்னால் போனேன். புதுக் கண்ணில் எல்லாமே பளிச்சென்று தெரிகிற நேரம். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் உன் அப்பா நடந்து போகிறார். நான் பொய் சொல்லவில்லை கார்த்தி, முதலில் எனக்குச் செடி தெரியவில்லை, கொடி தெரியவில்லை, நடைதான் தெரிந்தது. இடது காலை இழுத்து வைத்து, மூன்று எட்டு போய், இடுப்பில் கையை ஊன்றி நின்று, தலையைத் தூக்கி மேலே பார்த்து, பிறகு மறுபடி மூன்று எட்டு. நீ நான்காவது படிக்கையில் பந்தலின் கல்லுக்கால் சாய்ந்து அவர் பாதத்தில் விழுந்ததிலிருந்து இருபது வருடம் நான் அந்த நடைக்குப் பின்னால்தானே கூடை எடுத்துக்கொண்டு போனேன். அப்புறந்தான் மற்றது தெரிந்தது. கால் இருக்கிற இடத்தில் பட்டை உரிந்த திராட்சைத் தூர், கை இருக்கிற இடத்தில் சுருள் சுருளாகக் கொடி, தலையில் உருமா கட்டினாற்போல் இலை, இடுப்பில் ஒரு கருங்குலை.

இது என்ன மாப்பிள்ளை என்று கேட்டேன். அவர் வெகுளியாகச் சொன்னார், "இது புதுசா வந்துருக்குத்தே. ஊரு ஊராப் போயி இந்த மாதிரி ஜந்துகளப் பிடிச்சு வளக்குற வெளையாட்டு. இதுக்குப் பேரு கம்போரா. இங்கன உள்ள பயலுக நொண்டிக்கொடின்னுதேன் சொல்லுவாங்ங. மெதுவாத்தேன் நடக்கும், ஆனா அடி தாங்கும்." அப்படிச் சொல்லிக்கொண்டே அதைச் சண்டைக்கு விட்டார். எதிரே நெருப்புக் கக்குகிற பல்லி ஒன்று. இரண்டு தடவை தாங்கியது, மூன்றாவது தடவை சரிந்துவிட்டது. சரியும்போது இலை ஒவ்வொன்றாக மூடி, இரண்டு கொடியையும் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, லேசாகச் சிரித்தபடி தூங்குகிற மாதிரி படுத்தது. செம்பை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, கொல்லைப்பக்கம் போய் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது எனக்கு வந்தது கோபந்தான். எவனோ என் புருஷனைச் சின்னதாக்கி அடைத்துவைத்து, ஊரான் எல்லாம் நெருப்பு வைத்து அடிக்கிறான், நொண்டி என்று பேர் வேறு வைக்கிறான் என்று.

சாயங்காலம் ஓவியா வந்ததும் கேட்டேன். அவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "அண்ணே கம்பெனில போட்டதும்மா. அண்ணந்தேன் வரைஞ்சுச்சு. ஒங்கிட்டச் சொல்ல வேணாம்னுச்சு, பாத்தா தாங்காதுன்னுச்சு" என்றாள். அந்த நடையை அப்பா உயிரோடு இருக்கும்போதே நீ வரைந்துவிட்டாயாம், விளையாட்டு வெளிவந்ததும் அவர் பார்க்கட்டும் என்று வைத்திருந்தாயாம். படுக்கிறதை மட்டும் பிறகு வரைந்தாயாம், ஒன்றரை மாதம் அதையே திருப்பித் திருப்பிப் போட்டாயாம், கூட வேலை பார்ப்பவர்கள் போதும் என்று சொல்லியும் விடவில்லையாம். நீ அவளிடம் சொன்ன வார்த்தையை அவள் அப்படியே சொன்னாள். "அப்பா தூங்குன மாதிரி போனாகன்னு அம்மா சொல்லுச்சு. நாந்தேன் பக்கத்துல இல்ல, அத மட்டுமாச்சும் சரியா வரைஞ்சுறணும் ஓவியா." அதைக் கேட்ட பிறகு எனக்கு இருந்த கோபம் போய்விட்டது.

ஊருக்குத் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையை வரச்சொன்னேன். அந்த விளையாட்டில் போனை நீட்டிப் பிடித்தால் அந்த ஜந்து நாம் நிற்கிற இடத்திலேயே நிற்கிற மாதிரி தெரியும் என்று அவர் சொல்லியிருந்தார். தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காலை ஒன்பது மணி இருக்கும், தென்னங்கன்றுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. கிணற்றுமேட்டுப் பக்கம், முதல் வரிசைக் கொடி இருந்த இடத்தில் பிடியுங்கள் மாப்பிள்ளை என்றேன். நின்றது. நம் மண்ணில், வாய்க்கால் ஓரத்தில் நின்றது. மூன்று எட்டு வைத்தது, இடுப்பில் கையை ஊன்றியது, மேலே பார்த்தது. மேலே பந்தல் இல்லை. குலை இல்லை. வெறும் வானந்தான் இருந்தது, அதற்கு அது தெரியவில்லை, குலையைப் பார்க்கிறமாதிரியே பார்த்துக்கொண்டு நின்றது. நான் வெட்கத்தை விட்டு, ஏங்க என்று கூப்பிட்டேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார், பாவம், அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் எதையோ அழுத்தினார், தீனி போடுகிற பொத்தானாம், அது உடனே அவர் பக்கம் திரும்பி ஆடியது. போதும் மாப்பிள்ளை, அணைத்துவிடுங்கள் என்றேன். திரும்பி வந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "நா அத இனிமே சண்டைக்கு விட மாட்டேன்த்தே" என்றார். நல்ல பிள்ளை.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். அப்பா தூங்குகிற மாதிரி போகவில்லை. வருகிற ஆவணியோடு இரண்டு வருடம் ஆகிறது, இத்தனை நாள் அதை நான் ஒருத்தி வைத்திருந்தேன், ஓவியாவுக்குக்கூட முழுதாகத் தெரியாது. தேனி ஆஸ்பத்திரியில் இருந்த அந்த நாலு நாளும் அவளை வீட்டுக்கும் மருந்துக்கடைக்கும் அலையவிட்டு நான்தான் பக்கத்தில் இருந்தேன். கொடிக்கு மருந்தடித்து மருந்தடித்து நுரையீரல் கெட்டுப்போயிருந்ததை டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார், பிள்ளைகள் இருந்தால் வரச்சொல்லுங்கள் என்றும் சொன்னார். நான் உனக்குப் போன் போட்டு என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். சளிதான், ரெண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றேன். உனக்கு அங்கே வேலை உறுதியாவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது, இடையில் கிளம்பினால் திரும்ப விடமாட்டார்கள் என்று நீ ஒருதடவை சொல்லியிருந்தாய், அது என் தலையில் நின்றுவிட்டது. அப்பா பிழைத்துவிடுவார், பையன் பிழைப்பையும் கெடுக்க வேண்டாம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

அவரிடமும் பொய் சொன்னேன். மூச்சு வாங்க வாங்க, "கார்த்தி கெளம்பிட்டானா" என்று கேட்டார். கிளம்பிவிட்டான் என்றேன். அதைக் கேட்டதும் முகம் தெளிந்து, இரண்டு வாய் கஞ்சி குடித்தார், அதைப் பார்த்ததும் எனக்குப் பொய் இனித்துவிட்டது. மறுநாள் சென்னையில் இறங்கிவிட்டான் என்றேன். அதற்கு மறுநாள் மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டான் என்றேன். கடைசி நாள் விடிந்ததிலிருந்து அவர் வேறு எதுவும் பேசவில்லை, "எங்கன வாரான்" என்று அதை மட்டுந்தான் கேட்டார். உசிலம்பட்டி தாண்டிவிட்டான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், கணவாய் ஏறிவிட்டான் என்றேன். மறுபடி கேட்டார், ஆண்டிபட்டிக்கு வந்துவிட்டான் என்றேன். அதற்குமேல் என்னிடம் ஊர் இல்லை கார்த்தி. தேனி வந்துவிட்டான் என்று சொன்னால் நீ அந்த வாசலில் வந்து நிற்க வேண்டும். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு மணி சுமாருக்கு என் கையைப் பிடித்து, "இன்னுமா ஆண்டிபட்டியிலயே நிக்கிறான்" என்று கேட்டார். அவர் என் முகத்தைப் பார்த்தார். தெரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். கையை விட்டுவிட்டார். அதன் பிறகு அரைமணி நேரம் மூச்சுக்குப் பட்ட பாட்டை நான் எழுதப்போவதில்லை. முகத்தில் சிரிப்பு எதுவும் இல்லை. கண்ணை நான்தான் மூடிவிட்டேன்.

அப்புறம் உனக்குப் போன் செய்தபோது நீ கத்தியது இன்னும் காதில் கிடக்கிறது. எப்படிம்மா போனாக, எப்படிப் போனாக என்று கேட்டாய். வாயில் வந்ததைச் சொன்னேன். அதை வைத்து நீ ஒன்றரை மாதம் உட்கார்ந்து வரைவாய் என்று நான் கண்டேனா. நீ வராதது உன் குற்றம் என்று இரண்டு வருடமாக உன்னை நீயே தின்றுகொண்டிருக்கிறாய், அதனால்தான் ஊருக்கும் வராமல் இருக்கிறாய் என்று ஓவியா சொல்கிறாள். உன் குற்றம் அதில் ஒன்றும் இல்லை. உன்னை வரவிடாதவள் நான், வருகிறாய் என்று அவரை ஏமாற்றியவளும் நான். உங்கள் இரண்டு பேரையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவிடாமல் செய்துவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். மன்னிக்கச் சொல்லி எழுத எனக்கு வாய் வரவில்லை. கோபம் வந்தால் கோபப்படு, நாலு வாரம் போன் எடுக்காவிட்டாலும் நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். அந்த ஜந்து படுக்கும்போது சிரிப்பதை மாற்றுவதும் விடுவதும் உன் இஷ்டம். நடையை மட்டும் எடுத்துவிடாதே, அது உள்ளது உள்ளபடி இருக்கிறது.

எண்ணெய் தேய்த்துக் குளிக்க அங்கே வசதி இல்லாவிட்டாலும் தலையிலாவது கொஞ்சம் வை. கண் விழித்து வேலை பார்க்காதே. வயிற்றைக் காயப்போடாதே. மாரியாத்தா உனக்குத் தீர்க்காயுசும் நல்ல புத்தியும் மனசுக்கு ஆறுதலும் கொடுக்கட்டும், அப்பாவும் மேலே இருந்து உனக்கு நல்லதே நினைப்பார், அவர் யாரையும் நெடுநாள் கோபிக்கிற மனுஷன் இல்லை.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஆவணித் திதிக்கோ அதற்குப் பிறகோ, உனக்கு மனசு வந்து நீ கிளம்பினால், மதுரை வந்துவிட்டேன், உசிலம்பட்டி தாண்டிவிட்டேன் என்று வழியிலிருந்து எனக்குப் போன் பண்ணாதே. என்னால் அதைக் கேட்க முடியாது. பேசாமல் வந்து கதவைத் தட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா
த. நாகஜோதி