ஒரு விரல் அழுத்திப் பிடித்த வெளிச்சம்

அன்புள்ள மகனுக்கு,

நானும் உன் தங்கையும் உடலளவில் நலமாக இருக்கிறோம். நீயும் மருமகளும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம், இனி எழுதப்போவதைப் படித்த பிறகும் அதில் உனக்கு ஐயம் வேண்டாம். உன் அம்மா போய் ஆறு வாரங்கள் ஆகின்றன. தங்கை வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள், நானும் கல்லூரிக்குப் போகிறேன், காலையில் பழக்கதோஷத்தில் மூன்று கோப்பைத் தேநீர் போட்டு ஒன்றைக் கொட்டுகிறேன். நேற்று உன் பட்டியல் வந்தது. அம்மாவின் நினைவாக, அவள் பாடிய சபை மேடைக்குப் பன்னிரண்டு புதிய விளக்குகள், "இந்த முறை ரேட்டும் கம்மி, வெளிச்சமும் டபுள்ப்பா, அம்மா பேர்ல ஒரு சின்னப் பலகை மட்டும் வெச்சிடச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தாய். கூடவே, அடக்க ஆராதனையை நேரலையில் பார்த்தபோது அம்மாவின் முகம் நீலமாகத் தெரிந்தது, யாராவது கவனித்திருக்கலாம் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம். உன் அம்மா என்னிடம் வாங்கிக்கொண்ட வாக்கை இதில் மீறுகிறேன், தெரிந்தே மீறுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த மேடைக்கு முதன்முதலாக விளக்கு வாங்கப் பேச்சு வந்தபோது சபையிடம் இருந்தது சிறு தொகை. எலக்ட்ரீஷியன் மேடையை இரண்டு முறை சுற்றிவந்து, "சார், மொதல்ல பாடுறவங்க முகம் தெரியணும். முன்னாடி ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு போட்டு ரெண்டு வெள்ளை லைட்டு, அதை ஏத்தி இறக்க ஒரு சின்ன கண்ட்ரோல் பெட்டி, இது போதும். கலரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நீ இருக்கும் ஊரில் ஓர் இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவன் என்ற பெருமையில் நான் உன்னைக் கேட்டேன். பத்து நிமிடத்தில் பதில் அனுப்பினாய். எட்டு வண்ண விளக்குகள் வாங்கச் சொன்னாய், பெட்டி வீண் என்றாய், சவுண்ட் மோடில் விட்டால் பாட்டுக்கு ஏற்ப அதுவே ஆடும் என்றாய், வண்ணம் எடுபட சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி மற்ற விளக்குகளை அணைக்கவும் சொன்னாய். பாட்டு நின்றால் அவை என்ன செய்யும் என்று நீ சொல்லவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகளாக இயற்பியல் நடத்தும் நானும் கேட்கவில்லை. "எங்க பையனுக்கு இதெல்லாம் அத்துப்படி" என்று எலக்ட்ரீஷியன் வாயை அடைத்தவன் நான்தான்.

பாட்டு நின்றால் அவை அணைந்துவிடும். ஐந்து வினாடி ஓசை இல்லையென்றால் எட்டும் ஒன்றாக அணையும், நண்பகலிலும் மேடை இருண்டுவிடும். அதனால் கீபோர்டு வாசிக்கும் தையற்காரர் ஜெபம் முடியும்வரை தாழ்ந்த சுருதிக் கட்டை ஒன்றை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பார், நாங்கள் அதைப் பக்தி என்று நினைத்தோம். இடி என்று எல்லோரும் கூப்பிடும் டிரம்ஸ்காரர் மட்டும், "அண்ணன் ஜெபத்துல மூழ்கிட்டார்னு நெனைக்காதீங்க, அவரு கரண்டு ஆபீஸ் வேலை பாக்குறாரு" என்று கேலி செய்வார். உன் அம்மா பாட்டு நோட்டில் மூச்சு வாங்கும் இடங்களைச் சிவப்பு மையால் குறித்திருந்தாள். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை காகிதத்தோடு காகிதமாக மறைந்துவிடும் என்பது என் மாணவர்களுக்கு நான் சொல்லும் பாடம், என் மனைவி அதை மேடையில் நின்று தெரிந்துகொண்டாள். யாரிடமும் சொல்லாமல் நோட்டு முழுவதையும் கறுப்பு மையில் பெரிய எழுத்தில் திரும்ப எழுதினாள், ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் 'நில்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள். இருட்டினால் அசையாமல் நிற்க வேண்டும் என்பதற்கு. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து மூன்று ஆண்டுகள் கைதட்டினேன்.

அந்த ஞாயிறு ஜெபத்தின் முடிவில் போதகர், வாத்தியங்களும் ஓயட்டும், ஒரு நிமிடம் முழு அமைதியாக இருப்போம் என்றார். முன்கூட்டியே யாரிடமும் சொல்லவில்லை, நோட்டில் அதற்குப் பக்கமும் இல்லை. தையற்காரர் கீழ்ப்படிந்து விரலை எடுத்தார். அம்மா மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இருக்கைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள், மேடைக்கு மூன்று படிகள். விழுந்த ஓசை கேட்டதும் விளக்குகள் எரிந்தன. பத்தொன்பது நாள் மருத்துவமனையில் இருந்தாள். இரண்டாம் நாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "லைட்டு விஷயம் அவன் காதுக்குப் போகக் கூடாது. படி வழுக்கிடுச்சுன்னு சொல்லிடுங்க, புள்ள தாங்க மாட்டான்" என்றாள். அப்படியே சொன்னேன். படிக்கு ஏன் ரப்பர் விரிப்புப் போடவில்லை என்று நீ என்னைக் கேட்டாய். அடக்க நாளன்றும் அதே எட்டு விளக்குகள்தான் எரிந்தன, அவற்றை அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உன் தங்கை மைக்கில் பேச முடியாமல் விம்மியபோதெல்லாம் வண்ணம் மாறியது. நீ திரையில் பார்த்த நீலம் நீ தேர்ந்தெடுத்த நீலம்.

நீ தவறாகத் தேர்ந்தெடுத்தாய் என்பதல்ல என் கோபம், அந்தத் தவறில் பாதி என்னுடையது. நீ வாங்கச் சொன்ன விளக்கு எரிவதை மூன்று ஆண்டுகளில் ஒரு முறைகூட நேரில் வந்து பார்க்காமல், இப்போதும் திரையைப் பார்த்தே பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறாயே, அதுதான் கோபம். அடுத்த மாத முதல் ஞாயிறு அந்த இடத்தில் நின்று உன் தங்கை பாடப்போகிறாள். எலக்ட்ரீஷியனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கண் கூசாத உயரத்தில் முன்பக்கம் இரண்டு வெள்ளை விளக்குகள், ஒரு சிறு பெட்டி, அதன் முன் உட்கார ஓர் ஆள், படிகளுக்கு அடியில் எப்போதும் அணையாத ஒரு சின்ன பல்பு. உன் பட்டியலில் பாதி விலைகூட ஆகாது. பலகை வேண்டாம், பணமும் வேண்டாம். நீ வந்து ஏணியில் ஏறி அந்த எட்டையும் உன் கையால் கழற்று. பிறகு என்னோடு தையற்கடைக்கு வா. அவர் அந்த ஞாயிற்றுக்குப் பிறகு சபைக்கு வரவில்லை, கீபோர்டு உறை மாட்டிக் கிடக்கிறது. இரண்டு முறை போனேன். மிஷினிலிருந்து தலை நிமிராமல், "நான் விரலை எடுத்திருக்கக் கூடாது சார்" என்கிறார். விளக்கின் அமைப்பை விளக்கிச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க பெரிய மனசு பண்ணிச் சொல்றீங்க" என்றார். நான் சொன்னால் அது பெரிய மனசு, நீ சொன்னால் அவர் நம்பக்கூடும். என்ன சொல்வது என்று நான் எழுதித்தர மாட்டேன்.

உன் தங்கை அம்மாவின் நோட்டைப் பார்த்துத்தான் பாடிப் பழகுகிறாள். நேற்று, "எல்லாப் பாட்டுக்கும் கீழ 'நில்'னு எழுதியிருக்காங்களே, எதுக்குப்பா?" என்று கேட்டாள். "அண்ணன் வந்து சொல்லுவான்" என்றேன்.

உன் வீட்டில் குறையொன்றும் நேராமல் கடவுள் காக்கட்டும், குழந்தைக்கு என் முத்தங்கள். தையற்கடை செவ்வாய்க்கிழமை அடைத்திருக்கும், அதற்கேற்ப டிக்கெட் எடு.

இப்படிக்கு,
உன் வருகையை மட்டும் எதிர்பார்க்கும்
அப்பா