பதினெட்டுப் பேரில் உன் மூச்சு

என் உயிருக்கும் மேலான தம்பி ஏழுமலைக்கு,

ஐப்பசியில் போனாய். இப்போது மாசி. கொல்லையில் புளி உலுக்கியாயிற்று. மரம் ஏறக் காவலூரிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தோம். அம்மா பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்து கொட்டை எடுக்கிறாள். நான் வழக்கம்போல ஸ்கூட்டரில் மலையூர்களைச் சுற்றித் தடுப்பூசி போட்டுவிட்டு வருகிறேன். கிராமத்து நர்ஸுக்கு ஏது லீவு?

நீ கடைசியாக வாசித்த கச்சேரியின் பதிவு என்னிடம் இருக்கிறது. பெங்களூரில் ஒரு சின்ன அரங்கம், வாசிக்கிறவர்கள் பதினெட்டுப் பேர், ஐம்பது நிமிஷம், நடுவில் நிறுத்தாமல். உங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் ரஃபீக், உன் கருமாதி முடிந்த வாரம் அதை என் போனுக்கு அனுப்பினான்.

உங்கள் ஃப்ரீ ஜாஸை நான் அதற்கு முன் ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன். போன வருஷப் பொங்கலுக்கு வந்தபோது நீதான் போட்டுக் காட்டினாய். பஸ் ஸ்டாண்டில் எல்லா வண்டியும் ஒன்றாக ஹாரன் அடிப்பது போலிருக்கிறது என்றேன். செங்கத்து பேண்டு செட்டில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் எவ்வளவு அழகாக சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தாய், எலக்ட்ரீஷியன் வேலைக்கென்று பெங்களூர் போய் இப்படிக் கெட்டுப்போய்விட்டாயே என்று அலுத்துக்கொண்டேன். நீ கோபப்படவில்லை.

"முன்னாடியே எழுதி வெச்சி வாசிக்கிறது இல்லக்கா இது. பக்கத்துல இருக்கறவன் இன்னா வாசிக்கிறான்னு கேட்டுக்கினே நம்மளத வாசிக்கணும். கேக்காம வுட்டா, எல்லாம் போச்சி."

அன்றைக்கு நான் தோசையைத் திருப்பிப் போடுவதிலேயே குறியாக இருந்தேன்.

ரஃபீக் அனுப்பியதை முதல் நாள் ஏழு நிமிஷத்துக்கு மேல் கேட்க முடியவில்லை. ஆரம்பத்தில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். அடியில் ஒரு தாழ்ந்த சத்தம் வருகிறது. அதன்மேல் ஒவ்வொருவராக ஏறிக்கொள்கிறார்கள். தலையாட்டத் தாளம் இல்லை, பிடித்துக்கொள்ள மெட்டு இல்லை. தகரக் கூரையில் கல்மழை விழுவது மாதிரி எல்லாம் ஒரே நேரத்தில் தலையில் கொட்டுகிறது. காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். மறுநாள் மறுபடி கேட்டேன். நீ அதற்குள் எங்கேயோ இருக்கிறாய் அல்லவா, எப்படிக் கேட்காமல் இருப்பேன்?

மூன்றாவது வாரம் எனக்கு ஒன்று புரிந்தது. உன்னைக் கொண்டுவந்து கிடத்தியபோது பெண்கள் வளைத்து உட்கார்ந்து அழுதார்களே, அது இதுதான். ஒவ்வொருத்தியும் அவளவள் வீட்டுச் சாவை அவளவள் குரலில் அழுதாள். யாரும் யாருக்காகவும் நிறுத்தவில்லை. அத்தனையும் சேர்ந்து ஒரே அழுகையாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் அன்றைக்குக் குரல் வரவில்லை. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முப்பத்தோராம் நிமிஷத்தில் அத்தனை பேரும் சட்டென்று அடங்குகிறார்கள். ஒற்றை சாக்ஸபோன் மட்டும் எழுகிறது. தொண்டை கிழிய, கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆள் வராத மாதிரி ஒரு கூவல். அது நீதான் என்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவுக்கும் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். அவள் போனைக் கன்னத்தோடு வைத்துக் கேட்டாள். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் கொட்டை எடுத்துக்கொண்டே கேட்கிறாள். அந்த இடம் வந்ததும் அவள் கை நின்றுவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை ரஃபீக் எங்களைப் பார்க்க வந்தான். அம்மா சாமைச் சோறு ஆக்கி, கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டதும் அவனை உட்காரவைத்து அந்த இடத்தைப் போட்டாள். எம்புள்ள எப்படி வாசிக்கிறான் பார் என்றாள். அவன் குனிந்த தலை நிமிரவில்லை. உனக்காக அழுகிறான் என்றே நினைத்தேன்.

பஸ் ஏற்றிவிட நான்தான் கூடப் போனேன். நிறுத்தத்தில், பஸ் வரும் வழியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, அது ஏழுமலை இல்லீங்க. ஷீலான்னு எங்க குழுவுல சாக்ஸபோன் வாசிக்கிற ஒரு பொண்ணு. அன்னிக்கு இவன் காய்ச்சலோட வந்தான். மொத நாலு நிமிஷம் அடியில ஒரே சுரத்தப் புடிச்சிக்கினு வாசிச்சான், அவ்ளோதான். அப்புறம் வாத்தியத்த மடியில வெச்சிக்கினு உக்காந்துட்டான். கண்ண மூடிக்கினு கடைசி வரைக்கும் கேட்டுக்கினே இருந்தான்."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கக் கூடாதா என்று கேட்டேன். எந்த வாயால் கேட்டேனோ.

"கூப்ட்டேங்க. 'எங்கக்கா நர்ஸு, மாத்திர சொல்லிக்கிறா, நாலு நாள்ல வுட்டுடும்'னான்."

பஸ் வந்தது. அவன் ஏறிப் போய்விட்டான். நான் அங்கேயே கல்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஏழுமலை, கச்சேரிக்கு முந்தின அந்த வெள்ளிக்கிழமை நீ போன் செய்தபோது நான் அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தேன். "காய்ச்சலா கீதுக்கா, ஒடம்பெல்லாம் நோவுது" என்றாய். எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை. ரத்தம் பார் என்று சொல்லவில்லை. பாராசிட்டமால் போடு, கஞ்சி குடி, படு. நாற்பது நொடி. போன் இன்னும் அந்தக் கணக்கைக் காட்டுகிறது.

திங்கட்கிழமை காய்ச்சல் விட்டுவிட்டது என்று செய்தி அனுப்பினாய். சரி என்று நான் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நாள்தான் ஆபத்து என்று இந்த மலையில் வீடு வீடாகச் சொல்கிறவள் நான். அந்த நோட்டீஸை ஒட்டியதும் இதே கைதான். புதன்கிழமை காலை ரஃபீக் அழைத்தபோது நீ இல்லை. பெண்களோடு உட்கார்ந்து அழ எனக்கு என்ன வாய் இருந்தது?

நீ என்னை நம்பினாய். அதைத்தான் தாங்க முடியவில்லை. கடைசி நாட்களில் என்மேல் உனக்குச் சந்தேகம் வந்ததா? அறையில் தனியாகக் கிடந்தபோது மறுபடி கூப்பிட நினைத்தாயா, அக்காவுக்கு வேலை இருக்கும் என்று விட்டுவிட்டாயா?

இப்போது நான் அந்த முதல் நாலு நிமிஷத்தை மட்டும் கேட்கிறேன். இயர்போனைக் காதில் அழுத்திக்கொண்டால் கிடைக்கிறாய். மற்றவர்களுக்கு அடியில் தாழ்வாக, ஒரே சுரமாக. கடைசியில் அது லேசாக நடுங்குகிறது. ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பிடிக்கிறாய். பிறகு இல்லை. மற்றவர்கள் தொடர்ந்து வாசிக்கிறார்கள், ஒருவர் குறைந்தது யாருக்கும் கேட்காது.

நேற்று அம்மா என்னைக் கூப்பிட்டு, "இன்னாடி, எம்புள்ள வாசிக்கச்சொல்ல மூஞ்சத் திருப்பிக்கினு போற?" என்றாள். கண்ணில் தூசி என்றேன்.

அவள் கண்மூடும்வரை அந்த முப்பத்தோராம் நிமிஷம் உன்னுடையதுதான். அதை அவளிடமிருந்து பிடுங்க மாட்டேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையை அவளுக்குச் சொல்லிவிடுவேன். இந்தப் புளி வேலை முடிந்ததும், எதிரில் உட்கார்ந்து, ஒன்றையும் குறைக்காமல் சொல்வேன். அவள் மண்ணை வாரித் தூற்றினாலும், சாகும்வரை என்னோடு பேசாவிட்டாலும் எழுந்து போக மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் போனை நாற்பது நொடியில் வைத்துவிட்ட
உன் அக்கா,
மல்லிகா