பனி சீக்கிரம் உருகட்டும்

1996 மார்ச் 4, பாறசாலை

கல்லறைக் கமிட்டியிலிருந்து இருவர் வந்தார்கள். என் கணவரின் கல்லறைக்குப் பக்கத்து இடம் பத்து வருடமாகச் சும்மா கிடக்கிறதாம். ஊரில் அடக்கம் செய்ய இடமில்லையாம்.

"அது என் மகன் கில்பர்ட்டுக்கு" என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் கிறுக்கி இல்லை. வடதுருவத்துப் பக்கம் ஒரு பனியாற்றை அளக்கப் போனவன் அதன் பிளவில் விழுந்தான். எடுக்க முடியவில்லை. ஆனால் பனியாறு நகரும். ஒருநாள் அவனைக் கெடாமல் வெளியே விடும். உடல் வராமல் அவனுக்குப் பூசை வைக்க நான் யாரையும் விட்டதில்லை.

ஜூன் 11

மழை. முட்டுவலி. யாரோடும் பேசவில்லை.

ஆகஸ்ட் 18

நார்வேயிலிருந்து சோல்வெய் கூப்பிட்டாள். கில்பர்ட்டோடு வேலை பார்த்தவள். அவன் வெளியே வர நூறு வருடம் ஆகும் என்றவள் இன்று பத்து என்கிறாள். ஒவ்வொரு கோடையிலும் பனி இன்னும் வேகமாகக் கரைகிறதாம். பனியாறே இல்லாமல் போய்விடும் என்று அழுதாள். "நல்லது" என்று சொல்லிவிட்டேன்.

அவள் எதற்கு அழுகிறாளோ அதைத்தான் நான் ஜெபமாலை பிடித்துக் கேட்கிறேன். பனி சீக்கிரம் உருகட்டும். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா? எந்தக் கட்டளைக்கு எதிரான பாவம் இது? எனக்கு வயது எழுபத்து நான்கு. பத்து வருடம் எனக்கு இல்லை, ஆண்டவரே. ஐந்தாக்கித் தாரும்.

1998 ஆகஸ்ட் 21

சோல்வெய்.

பனியாறு கடலைத் தொடும் முகப்பு மொத்தமாக இடிந்து விழுந்துவிட்டது. இவ்வளவு வேகம் அவர்களே எதிர்பார்க்கவில்லை. அவன் கிடந்த பகுதியும் அதில்தான். துண்டு துண்டாகக் கடலில் மிதந்து போய்விட்டது. தேடினார்களாம் —

உருகட்டும் என்று கேட்டேன். உருகிற்று.

எலே கில்பர்ட்டே, நான்தானாக்கும் கேட்டது. அம்மை கேட்டது.

செப்டம்பர் 6

என் கணவரின் தங்கை ப்ளோரன்ஸ் பொழியூர்க் கடற்கரையிலிருந்து வந்தாள். வழக்கம்போலச் செருப்பை உள்ளேயே கழற்றினாள்.

"மைனி, இனி அவன் எங்க ஆளாக்கும். கடலு எடுத்தவங்களுக்கு ஆத்துமாக்கள் திருநாளுல கரையில மெழுகுதிரி நட்டுப் பூசை உண்டு. வாங்க."

"அவன் மீன்பிடிக்கப் போகவில்லை. டாக்டர் பட்டம் வாங்கினவன்."

"கடலுக்கு அது தெரியுமா மைனி?"

எழுந்து போகச் சொன்னேன். சாயா குடித்துவிட்டுத்தான் போனாள்.

அக்டோபர் 9

கமிட்டிக்கு ஆள் அனுப்பினேன். இடத்தை யாருக்காவது கொடுக்கட்டும்.

நவம்பர் 2

போனேன்.

மணலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ப்ளோரன்ஸ் ஒதுங்கி இடம் தந்தாள். காற்றில் என் திரி நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தவள், சின்ன வயது, கையால் குழி தோண்டி அதற்குள் நட்டுக் கொடுத்தாள்.

"அம்மச்சிக்க ஆளு கடலுக்குப் போனது எந்த வள்ளத்துல?"

"வள்ளம் இல்லை, மக்கா. பனி."

"பேரைச் சொல்லுங்க, ஃபாதர் வாசிப்பாரு" என்றாள்.

சொன்னேன். செத்தவர்களோடு சேர்த்து அவன் பெயரை வாசித்தார்கள். இனிஷியலைத் தவறாக வாசித்தார் ஃபாதர். நான் திருத்தவில்லை.