குதிரை இடறிய நான்கு இடங்கள்

1988, அக்டோபர் 4, செவ்வாய்

தொலைக்காட்சிக் குழந்தைகள் நிகழ்ச்சியின் தலைப்புக் காட்சிக்கு ராட்டினக் குதிரை ஒன்றைக் கணினியில் சுற்ற வைக்க வேண்டும். எங்கள் இயந்திரம் ஒவ்வொரு படத்துக்கும் சைன் கணக்குப் போட்டால் ராட்டினம் எருமை வேகத்தில்தான் நகரும். கால் வட்டத்துக்கு அறுபத்து நான்கு மதிப்புகளை முன்கூட்டியே எழுதிவைத்து, மீதியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்றேன்.

படம் வரையும் நிரலை எழுதும் ராதிம், “அட்டவணையே வேண்டாம் டிராஹா, ஒரு பரவளையம் போதும். ஒரே ஒரு பெருக்கல்” என்றான். நூற்றுக்கு ஆறு வரை தப்பு வருமே! கணிதம் படித்தவள் நான். தோராயத்துக்கு வேறு ஆளைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

கணினி எனக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம்தான். அதனால் வீட்டில், நில அளவையாளரான என் கணவர் லுபோஷின் கால்குலேட்டரில் தட்டி எழுதினேன். உச்சம் 127 வர வேண்டும். கடைசி எண் 125 வந்தது. பக்கம்தான்.

அக்டோபர் 5

வேகம் பிரமாதம். ஆனால் குதிரை இடறுகிறது.

அக்டோபர் 6

ஒரு சுற்றுக்கு நான்கு முறை, அதே நான்கு இடங்களில். தட்டச்சை மூன்று முறை சரிபார்த்தேன். எல்லாம் தாளில் உள்ளபடியே. அப்படியென்றால் குற்றம் வேறு யாருடையது?

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஹ்ரூபா மேடம் வெள்ளி வரை கெடு தந்தார். பிறகு வேலை கையால் வரைபவர்களிடம் போய்விடும். ராதிமின் நிரல்தான் தடுக்குகிறது என்று அவரிடம் சொன்னேன்.

அக்டோபர் 7

கெடு திங்கள் வரை நீண்டது. ராதிம் சனி ஞாயிறு உட்கார்ந்து எல்லாவற்றையும் திருப்பி எழுதுகிறான். காட்டுக்குக் காளான் பொறுக்கப் போகவிருந்தானாம். என்னிடம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

அக்டோபர் 10, திங்கள்

திருப்பி எழுதியும் இடறியது. ராதிம் என் அட்டவணையை எடுத்துவிட்டுப் பரவளையத்தைப் போட்டான். குதிரை வழுக்கிக்கொண்டு ஓடியது. ஹ்ரூபா மேடம் கை தட்டினார். தப்பான கணக்கு சரியாக ஓடுகிறது, சரியான கணக்கு இடறுகிறது— என்ன அநியாயம் இது?

அக்டோபர் 11

கால்குலேட்டரை லுபோஷிடம் திருப்பிக் கொடுத்தேன். நன்றிக்குப் புது பேட்டரி போட்டு.

அக்டோபர் 14, வெள்ளி

மூன்று நாளாக லுபோஷின் அளவுகள் எதுவும் பொருந்தவில்லை. அளவைக் கருவியை உதவியாள் ஓல்டாதான் அசைத்துவிட்டான் என்று தினமும் அவன்மேல் எரிந்து விழுந்திருக்கிறார். இன்று மாலை சமையலறை மேசையில் கால்குலேட்டரைப் பார்த்ததும் முகம் மாறியது.

“இதை டிகிரிக்கு மாத்தினது யாரு? நான் எப்பவும் கிரேடுலதானே வெச்சிருப்பேன்.”

“பேட்டரி மாத்தினேன். தானா மாறியிருக்கும். கிரேடுன்னா?”

“எங்களுக்குச் செங்கோணம் தொண்ணூறு இல்ல, நூறு.”

கிரேடுக்கு மாற்றச் சொல்லி, தொண்ணூறுக்கு சைன் தட்டினேன். விடை 1 என்று வரவில்லை. 0.9877.

என் அட்டவணை உச்சியைத் தொடவே இல்லை! தொடும் முன்பே திரும்பியிருக்கிறது, சுற்றுக்கு நான்கு முறை. நூற்று இருபத்தைந்தாம். பக்கம்தானாம். எருமை நான்.

லுபோஷ் அப்போதே ஓல்டாவுக்குத் தொலைபேசி எடுத்து, தப்பு என்னுதுதான்டா என்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. ராதிம்மேல் பழி போட்டு எட்டு நாள் ஆகியும் எனக்கு வாய் வரவில்லையே.

அக்டோபர் 17, திங்கள்

ஹ்ரூபா மேடம் முன்னாலேயே ராதிமிடம், தப்பு என் அட்டவணையில்தான் என்று சொன்னேன். அவன் தலையாட்டினான், அவ்வளவுதான்.

திருத்திய அட்டவணையையும் பரவளையத்தையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினோம். இரண்டிலும் இடறல் இல்லை. “உன்னோடது எது?” என்று மேடம் கேட்டார்.

இடது பக்கம் என்று உடனே சொன்னேன்.

ராதிம் திரையைப் பார்த்தபடியே, “அது என்னோடது, டிராஹா” என்றான்.