மீன்வெடிக்கு நான் போட்ட மார்க்

ஐப்பசி 4, திங்கள்

காலையிலிருந்து வாடைக் காற்று. மழை இல்லை, துணியும் காயவில்லை.

நைனாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்து மூன்று மாதம். பந்து பிசையச் சொன்னால் பிசைவதில்லை. பொன்னேரி பிசியோ அக்கா சொன்னது: “போன்ல கேம் போட்டுக் குடும்மா. அந்தக் கையாலயே ஆடட்டும். வெரல் அசைஞ்சா போதும்.”

பழைய போனில் இரண்டு கேம் ஏற்றினேன். எது நல்லது என்று எப்படித் தெரியும்? நான்தான் எதற்கும் மார்க் போடுகிற ஆள். பஸ் டிரைவருக்கே போட்டிருக்கிறேன். ஃபார்முலா:

பா = பாயிண்ட், ஆயிரத்துக்கு 1
நி = பத்து நிமிஷத்துக்கு 1
சி = நைனா சிரித்தது
தி = நைனா திட்டியது
மார்க் = பா + நி + சி − தி

கார் ரேஸ்: 0 + 1 + 0 − 7. மைனஸ் 6.
மீன்வெடி (ஒரே கலர் மீனைத் தொட்டால் வெடிக்கும்): 0 + 2 + 1 − 1. மார்க் 2. இதுவே இருக்கட்டும்.

ஞாயிறு பாடு சீட்டு. ஏரியில் யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று ஊர் கூடிக் குடத்தில் கைவிட்டுச் சீட்டு எடுப்பார்கள். வலை இழுக்கத் தெம்பு உள்ளவர்தான் எடுக்கலாம், அது எங்கள் ஊர்க் கட்டு. முடியாதவர் பேரை அடுத்த சீட்டு வரை நிறுத்தி வைப்பார்கள். நைனா பேர் இதுவரை நின்றதில்லை. பயமாக இருக்கிறது.

ஐப்பசி 6, புதன்

தூறல். நான் வேலை செய்கிற ஜெராக்ஸ் கடையில் மூன்று தடவை கரண்ட் போனது. அம்மா விற்கிற இறால் மார்க்கெட்டில் சீக்கிரம் தீர்ந்ததாம்.

பகலில் நானும் அம்மாவும் வீட்டில் இருப்பதில்லை. சாயந்திரம் போனைப் பார்த்து பா, நி எழுதுகிறேன். சி, தி நைனா சொல்வதுதான்.

மீன்வெடி: 6 + 4 + 3 − 0. மார்க் 13!

சத்தம் போட்டே சிரித்துவிட்டேன். நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னாம்மா, பாஸா?” “ஃபஸ்ட் க்ளாஸ் நைனா.”

ஐப்பசி 8, வெள்ளி

11 + 6 + 2 − 0. மார்க் 19. அம்மா சாமி படத்துக்குப் பூ போட்டாள்.

வாங்க: குடை கம்பி, நைனா மாத்திரை, நீலப் பேனா.

ஞாயிறு நைனா சீட்டு எடுத்துவிடுவார் என்றுதான் தோன்றுகிறது.

ஐப்பசி 9, சனி

பெரிய மழை. கடையை மதியமே சாத்திவிட்டார்கள். நனைந்துகொண்டு வந்தேன்.

கதவு திறந்துதான் இருந்தது. நைனா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில், துண்டுக்கு அடியில். இடது கை கட்டை விரல் போனில் பறக்கிறது. மீன் வெடிக்கிற சத்தம்.

“நைனா.”

போனைக் கவிழ்த்து வைத்தார்.

“செவ்வாக்கெழம வரிக்கும் சோத்துக் கையாலதாம்மா ஆடுனேன். முந்நூறுக்கு மேல ஏறல. நீ வந்து நோட்டப் பாத்து மூஞ்ச தொங்கப் போட்டுக்குவன்னு...”

“அதுக்கு?”

“மார்க்கு ஏறுனா சிரிக்கிற இல்ல.”

ஈரத் தலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் மேல் கோபம் இல்லை. என் மேல்தான். ஃபார்முலாவில் எந்தக் கை என்பதே இல்லை. கரையில் கூடையில் எவ்வளவு மீன் என்றுதானே பார்ப்போம், எந்தக் கை இழுத்தது என்று யார் கேட்கிறார்கள்? அதே புத்தியில் எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை போட்டது தவிர எல்லா மார்க்கையும் அடித்தேன். புதுசு: வலது கை மட்டும். பா நூறுக்கு 1.

அம்மாவிடம் சொன்னேன். சீட்டு எடுக்க எந்தக் கையானால் என்ன, குடத்தில் விடுவது எந்தக் கை என்று யார் பார்க்கப் போகிறார்கள் என்றாள். எனக்கும் அந்த ஆசை வந்தது. வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி 10, ஞாயிறு

வெயில். சேறு.

கோயில் வாசலில் கூட்டம். பெண்கள் மதிலுக்கு இந்தப் பக்கம். நான் முன்னால் நின்றேன். நைனா வெள்ளை வேட்டி. பேர் கூப்பிட்டார்கள்.

வலது கையைத்தான் விட்டார். இடது கையால் தூக்கிக் குடத்து வாயில் வைத்து, உள்ளே விட்டார். ரொம்ப நேரம். வெறுங்கையாக வெளியே எடுத்தார். மறுபடி விட்டார். மறுபடி வெறுங்கை.

ஊர்த் தலைவர் மெதுவாகத்தான் சொன்னார்: “பரவால்லப்பா, அந்தக் கையால எடு.”

“வலய இழுக்க இந்தக் கைதானண்ணே வேணும்? வரல. அடுத்த தபா எடுக்கறேன். எம் பேர நிறுத்தி வைங்க.”

தலைவர் நோட்டில் எழுதினார். அடுத்த பேர் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு நடந்தோம். அழுதேன். நைனா முன்னால் போனதால் பார்க்கவில்லை. அம்மா சோறு போட்டாள், மூன்று பேரும் பாதி சாப்பிட்டோம்.

கை கழுவிவிட்டு நைனா, “அந்தப் போனக் குடு.”

வலது கை. மூன்று நிமிஷம். பாயிண்ட் 110.

மீன்வெடி: 1 + 0 + 0 − 4. மார்க் மைனஸ் 3.

நோட்டை எட்டிப் பார்த்தார். பேனாவை மூடாமல் அவரைப் பார்த்தேன்.

“அப்டியே போடு,” என்றார். போட்டேன்.